ஆவி பிரிந்த காபி

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1948 வாக்கில், இத்தாலியின் மிலான் நகரத்துக் காபி பார்களில் ஒரு புது மெஷின் வந்து உட்கார்ந்தது. செய்தவர் அக்கீலே காஜ்ஜா. மெஷினைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டவை இரண்டு. காபியின் மேல் தானாகவே க்ரீம் படியும் என்பது ஒன்று. ஆவி இல்லாமல் வேலை செய்யும் என்பது இன்னொன்று. இதை முதன்முதலில் படித்தபோது கொஞ்சம் திகைத்துத்தான் போனேன். எஸ்பிரஸ்ஸோ மெஷின் என்றாலே புஸ்ஸென்று சீறும் ஆவிதான் என்று நினைத்து வளர்ந்த ஆள் நான். ஆவி இல்லை என்பதைப் போய் ஒருவர் விளம்பரம் செய்வாரா?

நான் அப்படி நினைத்ததற்குக் கல்யாண மண்டபங்கள்தான் காரணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் ரிசப்ஷனுக்குப் போனவர்களுக்கு நினைவிருக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஓரமாக ஒரு மேஜை, அதன்மேல் பளபளக்கும் உருளை, உருளையின் நெற்றியில் பிரஷர் மீட்டர், பக்கவாட்டில் வளைந்து இறங்கும் குழாய். மாஸ்டர் கப்பில் இன்ஸ்டன்ட் காபித்தூளையும் சர்க்கரையும் போட்டுத் துளிப் பாலில் குழைத்து, மீதிப் பாலை ஊற்றி, குழாயை அதற்குள் முக்கித் திருகைத் திறப்பார். கொர்ரென்று ஒரு சத்தம் மேளச்சத்தத்தையும் மீறிக் கேட்கும். நுரை விளிம்புவரை பொங்கி வந்ததும் அதன்மேல் சாக்லேட் பவுடரைத் தூவிக் கையில் கொடுப்பார். பாயசத்தைவிட அந்த மேஜைக்குத்தான் கூட்டம் அதிகம். அதற்கு நாம் வைத்திருந்த பெயர் எஸ்பிரஸ்ஸோ காபி.

நிஜ எஸ்பிரஸ்ஸோ என்பது வெந்நீரை அழுத்தத்தோடு காபித்தூளுக்குள் தள்ளி இறக்கும் சிறு கப் கெட்டிக் காபி. பிற்பாடு விவரம் தெரிந்து யோசித்துப் பார்த்தால், அந்த உருளைக்குள் காபி போடுகிற பாகம் என்று ஒன்றுமே கிடையாது. தண்ணீரைக் காய்ச்சி ஆவியைச் சேர்த்து வைக்கும் பாய்லர், ஒரு குழாய், ஒரு திருகு. அவ்வளவுதான். இத்தாலிக்காரர்கள் அறுபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிக் காபியிலிருந்து ஆவியைத் துரத்தினார்கள். நாமோ மெஷினிலிருந்து காபியைத் துரத்திவிட்டு ஆவியை மட்டும் வைத்துக்கொண்டோம். கேலிக்காகச் சொல்லவில்லை. எஸ்பிரஸ்ஸோ மெஷினின் வரலாற்றைப் புரட்டினால், யார் எதைக் கண்டுபிடித்திருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: ஆவியை எங்கே வைப்பது? அதற்கு வந்த பதில்களைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதல் பதில் டூரின் நகரத்தில் வந்தது. ஆஞ்செலோ மொரியொண்டோ என்பவர் அங்கே ஹோட்டலும் பாரும் வைத்திருந்தார். வியாபாரக் குடும்பம், அப்பா காலத்திலேயே சாக்லேட் கம்பெனி இருந்தது. 1884ல் டூரினில் நடந்த பெரிய கண்காட்சியில் ஆவியால் இயங்கும் காபி மெஷின் ஒன்றை வைத்தார், வெண்கலப் பதக்கம் வாங்கினார், அதே வருடம் காப்புரிமையும் எடுத்தார். ரயிலும் மில்லும் ஆவியில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காபிக்கும் ஆவி என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. ஆனால் மொரியொண்டோவின் மெஷின் ஒவ்வொரு கப்பாகப் போடாது, மொத்தமாக வடிக்கும். பாரில் நெரிசல் நேரத்தைச் சமாளிப்பதுதான் அவர் நோக்கம். மெஷினைச் செய்து ஊருக்கெல்லாம் விற்கும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தன் கடைகளுக்கென்று கையால் சிலவற்றைச் செய்துகொண்டதோடு சரி. அதனால் அவர் பெயரும் பல காலம் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

இன்று காபிக் கடையில் நாம் பார்க்கும் அமைப்புக்கு அடி போட்டவர் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா. அவருடைய காப்புரிமை 1901ஆம் வருடத்தது. கைப்பிடி வைத்த சிறு சல்லடையில் ஒருவருக்கு வேண்டிய தூளைப் போட்டு அமுக்கி, மெஷினின் வாயில் மாட்டித் திருகி, அடியில் கப்பை வைப்பது அவர் கொண்டு வந்தது. கேட்ட ஆளுக்குக் கேட்ட நேரத்தில் ஒரு கப். அந்தக் கைப்பிடிச் சல்லடை நூற்றிருபது வருடமாகப் பெரிதாக மாறவேயில்லை. நல்ல யோசனை, ஆனால் பெட்ஸேராவுக்குக் காசு கைகொடுக்கவில்லை. உரிமையை தெசிதேரியோ பவோனி வாங்கி 1905ல் தொழிற்சாலை முறையில் செய்யத் தொடங்கினார். அடுத்த வருடம் மிலானில் உலகக் கண்காட்சி. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து சிம்ப்ளான் ரயில் சுரங்கம் திறந்ததைக் கொண்டாட நடந்த கண்காட்சி அது. அங்கேதான் எஸ்பிரஸ்ஸோ வெளியுலகத்துக்கு அறிமுகமானது. பவோனியின் பங்காக இரண்டைச் சொல்கிறார்கள். சல்லடையைக் கழற்றும்போது அடைபட்ட அழுத்தம் சூடான காபித்தூளை முகத்தில் வாரி அடிக்காமல் முன்கூட்டியே இறக்கிவிடும் வால்வு ஒன்று. பாய்லரின் மேல்பகுதியில் சும்மா தேங்கிக் கிடந்த ஆவியை வெளியே எடுத்துக்கொள்ள ஒரு குழாய் இன்னொன்று. கல்யாண மண்டபத்து மாஸ்டர் கையில் இருந்தது இந்த இரண்டாவதன் பேரப்பிள்ளைதான்.

அந்தக் கால மெஷின்களின் படங்களைப் பாருங்கள். ஆளுயர பித்தளைக் கோபுரம், மேலே கழுகோ தேவதையோ சிலையாக நிற்கும். பார்க்க அம்சமாக இருக்கும். உள்ளே இருந்து வந்த காபிதான் சரியில்லை. கருகல் வாசம், நாக்கில் பிடிக்கும் கசப்பு.

ஏன் என்பது இந்தக் கதையின் முடிச்சு. மூடிய பாய்லருக்குள் ஆவியின் சூடும் அழுத்தமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியே தீரும். வீட்டு பிரஷர் குக்கரில் வெயிட் ஆடும் நேரத்தில் வெளிக்காற்றைவிட உள்ளே ஏறத்தாழ 1 பார் அழுத்தம் அதிகம் (இந்தப் பார் அழுத்தத்தை அளக்கும் அலகு; வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 1 பார்); அப்போது தண்ணீரின் சூடு 120 டிகிரி. பெட்ஸேரா, பவோனி மெஷின்களும் ஒன்று, ஒன்றரை பார் அளவில்தான் ஓடின. காபித்தூளுக்குப் பிடித்த சூடோ 90லிருந்து 96 டிகிரிக்குள். அதற்கு மேல் போனால் தூளிலிருந்து வேண்டாத கசப்பெல்லாம் இறங்கிவிடும். சரி, அழுத்தத்தைக் கூட்டினால் தூளின் சாரத்தை வேகமாக இறக்கிவிடலாமே என்றால், ஆவியை மட்டும் வைத்து 9 பார் வேண்டுமென்றால் பாய்லரை 180 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தண்ணீரில் காபி போட்டால் அது காபியாக இருக்காது, கரியாக இருக்கும். தள்ளுகிற சக்தியையும் சுடுகிற சக்தியையும் ஒரே ஆளிடம் கொடுத்து வைத்ததுதான் பிரச்சினை. இரண்டையும் பிரித்துக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

இது பலருக்குப் புரிந்திருந்தது. அன்றைய ஹங்கேரியில் பிறந்து இத்தாலியின் திரியெஸ்தேயில் குடியேறிய பிரான்செஸ்கோ இல்லி 1935ல் ஆவிக்குப் பதிலாக அழுத்திய காற்றை வைத்துத் தண்ணீரைத் தள்ளிப் பார்த்தார். இல்லி என்ற பெயர் இன்று காபி டப்பாவில் இருக்கிறதே, அவர்தான். கிரெமொனேசி என்பவர் பிஸ்டனால் தள்ளலாம் என்று யோசித்தார். மிலானில் பார் நடத்திக்கொண்டிருந்த காஜ்ஜா 1938ல் பிஸ்டன் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். கையால் திருகிப் பிஸ்டனை இறக்கும் ஏற்பாடு. அதற்குள் போர் வந்துவிட்டது. போருக்குப் பின் 1947ல் எடுத்த அடுத்த காப்புரிமையில் திருகு போய், ஸ்பிரிங்கும் நீண்ட கைப்பிடியும் வந்தன.

அந்தக் கைப்பிடி மெஷினில் நடப்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. ஆள் தன் கைபலத்தால் தண்ணீரைத் தூளுக்குள் தள்ளுவதில்லை. கைப்பிடியைக் கீழே இழுக்கும்போது பிஸ்டன் மேலே போகிறது, அதன் மேலிருக்கும் கனத்த ஸ்பிரிங் நசுங்குகிறது. பிஸ்டன் ஏறிய இடத்தில் பாய்லரிலிருந்து வெந்நீர் வந்து நிரம்பித் தூளை நனைக்கிறது. சில விநாடிகள் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் கையைத் தளர்த்தினால், ஸ்பிரிங் நிதானமாக நீண்டு பிஸ்டனை அழுத்துகிறது. கைப்பிடி தானாக மேலேறுகிறது. 8, 9 பார் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது, ஆவியிலிருந்து அல்ல. பாய்லருக்கு இப்போது சூடாக்குவது மட்டும்தான் வேலை. தண்ணீர் பிஸ்டன் அறையின் கனத்த உலோகத்தில் கொஞ்சம் சூட்டை இழந்தே தூளுக்கு வருவதால் கருகலும் குறைந்துவிட்டது. இன்று ஒரு எஸ்பிரஸ்ஸோ என்றால் ஏறத்தாழ 30 மில்லி என்று வைத்திருக்கிறோமே, அந்த அளவு நிலைத்ததில் அன்றைய பிஸ்டன் அறைக்குள் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்பதற்கும் பங்கு உண்டு. ஒரு பானத்தின் அளவை நாக்கு தீர்மானிக்காமல் ஒரு சிலிண்டர் தீர்மானித்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அப்புறம் அந்த க்ரீம். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு சிக்கிக் கிடக்கும். 9 பார் அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைகிறது. சல்லடையை விட்டு வெளியே வந்து அழுத்தம் இறங்கியதும் நுண்குமிழிகளாக வெளிப்படுகிறது. காபியின் எண்ணெயும் மற்றச் சாரங்களும் அந்தக் குமிழிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதால் பொன்னிறத்தில் ஒரு படலம் நிற்கிறது. ஒன்றரை பாரில் இது வரவே வராது. அதனால் ஆவி மெஷினின் எஸ்பிரஸ்ஸோவையே குடித்துப் பழகிய யாரும் அதைப் பார்த்ததில்லை. காபிமேல் இதென்ன அழுக்கு நுரை என்று கேட்ட வாடிக்கையாளர்களுக்கு, நல்ல காபி தன் க்ரீமைத் தானே தரும் என்று பதில் சொன்ன காஜ்ஜாவைக் கண்டுபிடிப்பாளர் என்பதைவிடக் கெட்டிக்கார வியாபாரி என்று சொல்வேன். குறைபோலத் தெரிந்ததையே மெஷினின் பெயர்ப்பலகையில் ஏற்றினார். பால் சேர்க்காமலே நுரை நிற்கும் பானம் உலகத்துக்குக் கிடைத்தது.

கைப்பிடிக்கு ஒரு குறை இருந்தது. நாள் முழுவதும் இழுத்தால் தோள்பட்டை போய்விடும்; பாதியில் கை வழுக்கினால் அந்தக் கட்டை துள்ளி வந்து தாடையைப் பெயர்க்கும். காஜ்ஜாவின் ஆரம்பகால மெஷின்களைச் செய்துகொடுத்த ஃபாயெமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலெந்தே பிறகு தனி வழியில் போனார். 1961ல் அவர் கொண்டுவந்த மெஷினின் பெயர் ஈ61. அந்த வருடம் பிப்ரவரி 15ஆம் தேதி இத்தாலியில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்த பெயர். ஸ்பிரிங் போய் மின்சார பம்ப் வந்தது. ஸ்விட்சைத் தட்டினால் 9 பார். ஸ்பிரிங்கைப் போலக் கடைசியில் தளர்ந்துபோகாத, முதல் துளி முதல் கடைசித் துளி வரை ஒரே அழுத்தம்.

எல்லாரும் பம்பைத்தான் பேசுவார்கள். எனக்கு அந்த மெஷினில் பிடித்தது பாய்லருக்குள் ஓடும் ஒரு குழாய். கடைக்காரருக்கு ஒரே மெஷினில் இரண்டு சூடு வேண்டும். பாலுக்கு ஆவி வேண்டுமென்றால் பாய்லர் 120 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். காபிக்கோ 90 சொச்சம். காபிக்கான தண்ணீரை பாய்லரில் இருந்து எடுத்தால் பழைய கருகல் கதைதான். வலெந்தேயின் மெஷினில் புதுத் தண்ணீர் பம்பிலிருந்து நேராக ஒரு குழாய்க்குள் போகும். அந்தக் குழாய் பாய்லரின் நடுவே புகுந்து வெளியே வரும். கொதிக்கும் தண்ணீருக்குள் கிடந்தாலும் அதனோடு ஒரு சொட்டுகூடக் கலக்காது. கடந்து போகிற நேரத்துக்குள் எவ்வளவு சூடு ஏறுமோ அவ்வளவுதான் ஏறும். அங்கிருந்து, காபி இறங்கும் வாய்ப்பகுதியான குரூப்புக்கு வரும். ஏறத்தாழ நாலு கிலோ பித்தளைக் கட்டி அது. அதற்கும் அந்தக் குழாய்க்கும் இடையே வெந்நீர் எப்போதும் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சூடானது மேலேறும், ஆறியது கீழிறங்கும், பம்ப் தேவையில்லை. அதனால் அந்தப் பித்தளை எப்போதும் ஒரே சூட்டில் நிற்கிறது. ஆவியும் காபியும் ஒரே வீட்டில், ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காமல். அந்த குரூப்பை அச்சு மாறாமல் இன்றும் பல கம்பெனிகள் செய்து விற்கின்றன. அறுபது வருடத்துக்குப் பிறகும் அதைவிட மலிவாக இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஃப்ளோரன்ஸில் லா மர்சோக்கோ கம்பெனி 1970ல் வேறு வழி பிடித்தது: காபிக்கு ஒரு பாய்லர், ஆவிக்கு ஒரு பாய்லர். யோசனை எளிது, செலவும் எடையும்தான் அதிகம். இன்று சூட்டை ஒரு டிகிரிக்குள் நிறுத்தும் நுணுக்கங்களெல்லாம் இந்தத் தனிக்குடித்தனத்தின் மேல் கட்டியவைதான். வீடுகளுக்கு வரும் சின்ன மெஷின்களில் இந்த ஆடம்பரம் கிடையாது. எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றை பாய்லர். முதலில் காபியை இறக்க வேண்டும், பிறகு ஸ்டீம் பொத்தானைத் தட்டிவிட்டு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் க்ரீம் பாதி வடிந்திருக்கும். பெட்ஸேரா காலத்து முடிச்சு என் சமையலறையில் தினமும் காலையில் இன்னொரு தடவை விழுகிறது.

சரி, காபியை விட்டுத் துரத்திய ஆவி பாலுக்குள் என்ன செய்கிறது?

முதல் வேலை, சூடாக்குவது. அடுப்பில் வைத்தால் ஐந்து நிமிடம் எடுக்கும் பால், ஆவிக்குழாயில் அரை நிமிடத்தில் சூடாவதற்குக் காரணம் ஆவியின் சூடு மட்டுமல்ல. ஆவி தண்ணீராக மாறும்போது விட்டுக்கொடுக்கும் மறைவெப்பம். ஒரு கிராம் ஆவி பாலுக்குள் கரைந்து தண்ணீரானால் ஏறத்தாழ 2,200 ஜூல் வெப்பத்தை அங்கேயே இறக்கி வைத்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த 150 மில்லி பாலை 60 டிகிரிக்குக் கொண்டுவர 13, 14 கிராம் ஆவி வேண்டும். அந்த ஆவி எங்கும் போய்விடவில்லை, தண்ணீராகப் பாலுக்குள்ளேயே இருக்கிறது. அதாவது உலகத்தின் எந்தப் பெரிய காபிக் கடையில் கப்புசினோ வாங்கினாலும் பாலில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறையத் தண்ணீர் கலந்துதான் தருகிறார்கள். பால்காரரை மட்டும் என்னத்துக்குத் திட்ட வேண்டும்?

இரண்டாவது வேலை நுரை. இதில் ஆவியின் பங்கைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். நுரைக்குள் இருப்பது ஆவி அல்ல. ஆவி பாலில் பட்டவுடன் தண்ணீராகிவிடும் என்பதால் அதனால் குமிழியாக நிற்க முடியாது. நிற்பது அறைக்காற்று. குழாயின் நுனியைப் பாலின் மேற்பரப்பில் பட்டும் படாமல் வைத்தால், சீறி வரும் ஆவி பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு உள்ளே பாயும். பாலிலிருக்கும் புரதங்கள் அந்தக் காற்றுக் குமிழிகளைச் சுற்றித் தோல்போல் படிந்து அவை உடையாமல் காக்கும். நுனியை ஆழமாக முக்கினால் சூடு மட்டும்தான் ஏறும், நுரை வராது. மேலே தூக்கினால் மீன்தொட்டிக் குமிழி வரும், பால் சட்டையில் தெறிக்கும்.

காலையில் நான் செய்வதைச் சொல்கிறேன். ஆவின் பச்சைப் பாக்கெட், நேராக ஃப்ரிட்ஜிலிருந்து. அதில் கொழுப்பு நாலரை சதவீதம்; நீலத்தில் மூன்று, ஆரஞ்சில் ஆறு. நீலத்தில் நுரை நிறைய வரும், ஆனால் வறட்டு நுரை. ஆரஞ்சில் குறைவாக, ஆனால் கனமாக, வழவழப்பாக வரும். பச்சை எனக்குத் தோதாக இருக்கிறது. ஸ்டீல் ஜக்கில் பாதிக்குக் கீழே பால். ஆவியைத் திறந்தவுடன் காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி சின்னச் சின்ன ‘ட்ஸ், ட்ஸ்’ சத்தம் வர வேண்டும். அதுதான் காற்று உள்ளே போகிற சத்தம். ஜக்கின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்திருப்பேன். சில்லென்ற ஜக் உடம்புச் சூட்டுக்கு வருவதற்குள் காற்று முழுவதும் ஏறியிருக்க வேண்டும். பிறகு நுனியை ஒரு விரற்கடை உள்ளே இறக்கி ஜக்கைச் சற்றே சாய்த்தால் பால் சுழியாகச் சுழலும். இனி புதுக் காற்று கூடாது. இருக்கும் பெரிய குமிழிகளைச் சுழியே அரைத்துப் பொடியாக்கும். ஜக்கைத் தொட முடியாத சூடு வரும்போது 60 தாண்டியிருக்கும், நிறுத்திவிட வேண்டும். 70க்கு மேல் விட்டால் பால்புரதம் கட்டவிழ்ந்து வெந்த முட்டை வாசம் லேசாக வரும். நம் ஊர்க்காரர்களுக்கு 60 டிகிரி காபி ஆறிப்போன காபிதான், கொடுத்துப் பார்த்தால் சூடு பண்ணிக் கொண்டு வா என்பார்கள். வாதாடிப் பயனில்லை.

இப்படிக் குமிழி கண்ணுக்கே தெரியாத, பெயின்ட் மாதிரி பளபளக்கும் பாலை ஒரு பாடமாக ஆக்கியவர்களில் சியாட்டில் நகரத்தின் டேவிட் ஷோமர் முக்கியமானவர். எஸ்பிரஸ்ஸோ விவாச்சே என்ற கடை அவருடையது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் காபிமேல் பாலால் இதயமும் இலையும் வரைவது அங்கிருந்துதான் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அந்தப் பாலுக்கான அடிப்படை வித்தையை அதே ஊரில் இன்னொரு கடையில் இருந்த ஜாக் கெல்லியிடம் இருந்து பெற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது, பவோனி குழாய் வைத்து எண்பது வருடம் ஆகியிருந்தது. கருவி அதேதான், கைதான் புதிது.

நம்மிடமும் நுரைக்கென்று ஒரு கை வித்தை இருக்கிறது. டம்ளரிலிருந்து டவராவுக்கு முழநீளம் இழுத்து ஆற்றும்போது, விழுகிற காபி தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போய் டவராவில் குதிக்கிறது. ஆவியில்லாத நுரை. சூடேற்றுவதற்குப் பதிலாகச் சூட்டைக் குறைக்கும் நுரை. குமிழிகள் பெரிசு பெரிசாக இருப்பதால் சீக்கிரமே வடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் டிகாஷனும் பாலும் சர்க்கரையும் ஒரே வீச்சில் கலந்து, குடிக்கிற சூட்டுக்கு வந்து, மேலே நுரையும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாட்டுக்கு ஈடாக ஐரோப்பாவில் யாரும் காப்புரிமை எடுத்ததாக நான் பார்க்கவில்லை.

அங்கே அவர்கள் எடுத்த காப்புரிமைகளில் பல, மேலே நான் சொன்ன கைவித்தையை இல்லாமல் செய்வதற்காக. ஆவிக்குழாயின் மேல் ஒரு உறையை மாட்டி, உறையின் தலையில் ஊசித்துளை ஒன்றைப் போட்டார்கள். பனரெல்லோ என்பார்கள்; விலை குறைந்த வீட்டு மெஷின்களில் எல்லாம் இருக்கும். ஆவி உள்ளே பாயும்போது துளை வழியாகக் காற்று தானாகச் சேர்ந்துகொள்ளும். ஜக்கை எங்கே பிடித்தாலும் நுரை வரும். ஆனால் எப்போது நிறுத்துவது என்று அந்தத் துளைக்குத் தெரியாது. கடைசிவரை காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும், வருவது சவர நுரை.

அடுத்தபடி, பொத்தானை அமுக்கினால் காபியும் பாலும் இறங்கும் முழுத் தானியங்கி மெஷின்கள். இவற்றுக்குள் இருப்பது வெந்துரி தத்துவம். குறுகிய வாய் வழியாக ஆவி வேகமாகப் பாயும்போது அந்த இடத்தில் அழுத்தம் இறங்குகிறது. அந்த உறிஞ்சலில் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக டப்பாவில் இருக்கும் பால் ஏறி வருகிறது. பக்கத்துத் துளை வழியாகக் காற்றும் வருகிறது. மூன்றும் ஒரு சிறு அறையில் மோதிக் கலந்து நுரையாகக் கப்பில் விழுகின்றன. பம்ப் இல்லை, கத்தி இல்லை, நகரும் பாகமே இல்லை. காகிதத்தில் பார்த்தால் அழகோ அழகு.

கோவையில் காபி மெஷின் பழுது பார்க்கும் நண்பர் ஒருவருக்கு அந்த அழகைப் பற்றி வேறு அபிப்பிராயம். ஒருநாள் அவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கடையிலிருந்து வந்த மெஷினின் பால் அறையைக் கழற்றிக் காட்டினார். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு. காற்றுத் துளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கட்டி. “பாருங்கண்ணா, நெய்யே எடுத்துரலாம். ராத்திரி கடையடைக்கறப்ப ஒருக்கா வெந்நீர் விட்டிருந்தா இது வந்திருக்காதுங்க.” அவர் பட்டறையில் பிரித்துக் கிடந்த இன்னொரு பாய்லரின் உட்சுவர் முழுக்க வெள்ளையாகச் சுண்ணாம்பு, கால் அங்குலம் இருக்கும். போர்வெல் தண்ணீரை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஆவி தன் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும், உப்பை பாய்லரிலேயே விட்டுவிட்டுப் போகும். பாய்லருக்கு வந்து சேரும் உப்பு முழுவதும் அங்கேயே தங்கிவிடும் என்பதால் காபிப் பக்கத்தைவிட ஆவிப் பக்கம்தான் முதலில் அடைபடும். “காபியால கெட்ட மெஷினை நான் பாத்ததே இல்லைங்க. கெடறதெல்லாம் தண்ணியாலயும் பாலாலயும்தான்.”

அவர் எனக்குக் காட்டிய இன்னொரு பொருளை யாரும் கண்டுபிடிப்பு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். பாய்லரின் தலையில் சுண்டுவிரல் அளவு ஒரு பித்தளை வால்வு. மெஷினை அணைத்து அது ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கித் தண்ணீராகி, பாய்லருக்குள் வெற்றிடம் உண்டாகும். அந்த நேரத்தில் ஆவிக்குழாயின் நுனி பாலுக்குள் இருந்து, திருகும் சற்றுத் தளர்ந்திருந்தால், பாய்லர் பாலை உறிஞ்சிக் குடித்துவிடும். அடுத்த நாள் அந்த பாய்லரிலிருந்து வரும் வாசத்தை அவர் விவரித்த விதத்தை இங்கே எழுத முடியாது. அந்தச் சின்ன வால்வு, அழுத்தம் இறங்கியதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும், உறிஞ்சல் நிற்கும். உள்ளே ஒரு சிறு தண்டும் ரப்பர் வளையமும் மட்டுமே. காஜ்ஜாவின் ஸ்பிரிங்குக்கு அருங்காட்சியகத்தில் இடம் உண்டு, இதற்குக் கிடையாது.

இப்போது வருகிற பெரிய கடை மெஷின்களில் ஆவிக்குழாய்க்குள்ளேயே காற்றை அளந்து செலுத்தும் பம்பும், நுனியில் சூட்டை அளக்கும் சென்சாரும் வந்துவிட்டன. லா சிம்பாலி போன்ற கம்பெனிகள் பல வருடமாகவே இப்படி விற்கின்றன. எந்த டிகிரியில் காற்றை நிறுத்துவது என்று மெஷினுக்குத் தெரியும். ஜக்கை வைத்துவிட்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போகலாம். பனரெல்லோவின் துளைக்கு இல்லாத அறிவு இதற்கு இருக்கிறது, பாலும் நன்றாகவே வருகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம், ஆவிக்குப் பாலிலும் இடமில்லை என்று சொல்லும் கருவிகள். நெஸ்பிரஸ்ஸோவின் ஏரோச்சினோ மாதிரியான குவளையின் அடியில் ஹீட்டர். நடுவில் ஸ்பிரிங் வளையம் சுற்றிய ஒரு சின்னச் சக்கரம், காந்தத்தால் சுழல்வது. அதிலே பாலை ஊற்றி மூடிவைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் நுரை தயார். மறைவெப்பம் வேண்டாம், தண்ணீரும் கலக்காது, பாய்லர் வேண்டாம், சுண்ணாம்பும் படியாது. பேட்டரியில் சுழலும் கைக்கருவி இன்னும் மலிவு. இரண்டிலும் நுரை கெட்டியாக நிற்கும், ஸ்பூனால் அள்ளலாம். ஆனால் பாலோடு ஒட்டாமல் தனியாக மிதக்கும், ஊற்றினால் முதலில் பாலும் கடைசியில் தொப்பென்று நுரையும் விழும். சுழியில் அரைபட்ட நுரையின் வழவழப்பு இவற்றில் எனக்குக் கிடைக்கவில்லை. படம் வரைய ஆசையில்லாதவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை, வீட்டில் இரண்டு பேருக்கு என்றால் இதை வாங்குங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். கடைக்காரர்களுக்கும் ஆவி இல்லாமல் பாலைச் சூடாக்கி நுரையேற்றும் மெஷின்கள் வந்துவிட்டன. ஆவி பாய்லரைக் காலை முதல் இரவு வரை 120 டிகிரியில் வைத்திருக்கும் மின்சாரச் செலவைப் பார்த்தால் அவர்கள் அந்தப் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது.

அந்த மெஷின்கள் பெருகினால் பிழைப்பு என்னாகும் என்று நண்பரிடம் கேட்டேன். பால் ஓடுகிற குழாய் எதில் இருந்தாலும் தனக்கு வேலை இருக்கிறது என்றார். பேசிக்கொண்டே அந்த மஞ்சள் கட்டியைப் பல்குத்தும் குச்சியால் நோண்டி எடுத்து முகர்ந்து பார்த்து, “இது எருமைப் பாலுங்க” என்றார்.